ரெக்கார்டிங்கே இல்லாத புதுப் பாட்டை கொயருக்கு எப்படி ஏத்தறது?

கோத்தகிரி_டெனர்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் ஒரு சர்ச் கொயரைப் பாத்துக்கறேன். மாஸ்டர்னு சொல்ற அளவுக்கெல்லாம் இல்ல, முன்னாடி இருந்தவர் மேட்டுப்பாளையம் குடி போயிட்டாரு, கீபோர்டு வாசிக்கத் தெரிஞ்ச ஆளுன்னு என் தலைல கட்டிட்டாங்க. இருபது சொச்சம் பேர் இருக்கோம். டீச்சருங்க, நர்ஸுங்க, டீ ஃபேக்டரில வேலை பாக்கறவங்க, ரிட்டயர் ஆன அங்கிள் ஆன்ட்டி, அப்புறம் காலேஜ் பசங்க கொஞ்சம். ஸ்டாஃப் நோட்டேஷன் (அஞ்சு கோட்டு மேல எழுதறது) படிக்கறவங்க ரெண்டு மூணு பேர்தான். பெரியவங்க சில பேருக்கு சோல்ஃபா, அதான் டோ ரே மின்னு எழுத்துல எழுதற முறை, நல்லாத் தெரியும். மீதி எல்லாரும் காதுல கேட்டு பிடிக்கற பார்ட்டிங்க.

பிரச்சனை என்னன்னா, எங்க சபைப் பையன் ஒருத்தன் சென்னைல மியூசிக் படிக்கறான், அவன் டிசம்பர் கேரல் சர்வீஸுக்குன்னு தமிழ்ல நாலு பார்ட்ல (சோப்ரனோ, ஆல்டோ பெண் குரல், டெனர், பேஸ் ஆண் குரல்) ஒரு புதுப் பாட்டு எழுதிக் கொடுத்திருக்கான். நல்லா இருக்கு, உண்மையிலயே நல்லா இருக்கு. ஆனா நடுவுல 7/8 வருது (ஒரு பாருக்கு, அதாவது தாளத்தோட ஒரு சுத்துக்கு, ஏழு எண்ணிக்கை), ரெண்டு எடத்துல ஸ்கேல் மாறுது, ஒரு எடத்துல சோப்ரனோவும் ஆல்டோவும் பக்கத்து பக்கத்து நோட்டுல உரசிக்கிட்டு நிக்கணும். பாமாலைன்னா எங்க ஆளுங்க தூக்கத்துல கூட நாலு பார்ட் பாடிடுவாங்க, கீர்த்தனைன்னா சொல்லவே வேணாம். இதுக்கு யூடியூப்ல எதுவும் கிடையாது, இதுக்கு முன்னாடி யாரும் பாடினதே இல்ல, அதனால கேட்டு பழகறதுக்கு வழியில்ல.

நான் வழக்கம்போல சோப்ரனோவுக்கு ஒரு பக்கம், அப்புறம் ஆல்டோவுக்கு, அப்புறம் டெனர், பேஸ்னு சொல்லிக் கொடுத்துட்டு வர்றேன். பேஸ் முறை வர்றதுக்குள்ள சோப்ரனோ பாதி பேர் போன் நோண்ட ஆரம்பிச்சிடறாங்க, நாலையும் சேத்துப் பாடினா மொதல்ல சொல்லிக் கொடுத்தது மறந்துடுது. அக்டோபர் முடியப் போகுது, முதல் ரெண்டு பக்கத்தைத் தாண்டல. அந்த உரசல் வர்ற எடத்துல ஆல்டோ தானாவே கீழ எறங்கி இனிமையா ஒரு நோட்டைப் பிடிச்சுக்கறாங்க, தப்புன்னு சொன்னா "தம்பி, நீ சொல்றதுதான் தப்பு மாதிரி கேக்குது"ங்கறாங்க. ஒரு அங்கிள் நேராவே கேட்டுட்டாரு, இதெல்லாம் ஒரு பாட்டாடான்னு.

இதுக்கு நடுவுல மழை வேற. இங்க எங்களுக்கு அக்டோபர் நவம்பர்லதான் பெரிய மழை, ரோட்டுல மண் சரிஞ்சா கீழ இருந்து வர்ற ரெண்டு டெனரும் கட். இருட்டினா கரடி பயம், அதனால ஏழு மணிக்கு மேல ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. புதுசா எழுதின பாட்டை இந்த மாதிரி கொயர் வெச்சு கொண்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்.

கொடை_பேஸ்:

தம்பி, கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். எங்க கொயரும் இதே கதைதான், எங்களுக்கு கரடிக்கு பதிலா காட்டுமாடு, அவ்ளோதான் வித்தியாசம்.

மொதல்ல அந்த பார்ட் பார்ட்டா சொல்லிக் கொடுக்கறதை நிறுத்துங்க. தெரிஞ்ச மாதிரி இருக்கற பாட்டுக்கு அது ஓடும், ஏன்னா சும்மா உக்காந்திருக்கறவன் மனசுல டியூன் தானா ஓடிட்டு இருக்கும். புதுப் பாட்டுக்கு அது கிடையாது. ஒரு பார்ட் சொல்லிக் கொடுக்கும்போது மத்தவங்களும் அதையே பாடட்டும், அவங்கவங்க ஆக்டேவ்ல, அதாவது தன் குரலுக்கு ஏத்த உயரத்துல. பேஸ்காரங்க ஆல்டோ லைனை பாடிப் பாத்தாத்தான் தான் எதுக்கு மேல நிக்கறோம்னு தெரியும். இல்லன்னா தன் பார்ட்டோட நீளமான நோட்டை மெதுவா ஹம் பண்ணிட்டு இருக்கச் சொல்லுங்க. எப்படியும் வாய் மூடி ரெண்டு நிமிஷத்துக்கு மேல யாரும் உக்காரக் கூடாது.

ரெண்டாவது, ஒண்ணாம் பக்கத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க. ஒவ்வொரு வாரமும் ஒண்ணாம் பக்கத்துல ஆரம்பிச்சா அந்த பக்கம் மட்டும் சூப்பரா இருக்கும், கடைசி பக்கத்தை டிசம்பர் 20 வாக்குலதான் பாப்பீங்க. கடைசி எட்டு பாரை எடுங்க. அதைப் பாடத் தெரிஞ்சதும் அதுக்கு முன்னாடி எட்டு, பாடி அப்படியே முடிவு வரைக்கும் போங்க. இதுல என்ன லாபம்னா எப்ப பாடினாலும் தெரியாத எடத்துல இருந்து தெரிஞ்ச எடத்துக்கு போறாங்க, போகப் போக தைரியம் கூடும். நீங்க இப்ப பண்றதுல தெரிஞ்ச எடத்துல இருந்து தெரியாத எடத்துக்கு போய் முட்டிக்கிட்டு நிக்கறாங்க, பிராக்டிஸ் முடிஞ்சு வீட்டுக்கு போகும்போது அந்த முட்டினதுதான் ஞாபகம் இருக்கும்.

அந்த உரசலைப் பத்தி. ஆல்டோ தானா எறங்கறாங்கன்னா அவங்க காது வேலை செய்யுதுன்னு அர்த்தம், திட்டாதீங்க. அந்த எடத்துல என்ன நோட்டுன்னு நீங்க சொல்லல, சோப்ரனோ சோ, ஆல்டோ ஃபான்னு வெச்சுக்குவோம். பாட்டை மூடி வெச்சுட்டு மொத்த கொயரும் சோ பாடட்டும், ஒரே நோட்டு, நல்லா செட் ஆகற வரைக்கும். அப்புறம் பாதி பேர் அங்கயே நிக்கணும், மீதி பேர் ஒரு படி எறங்கி ஃபாவுக்கு வந்து அங்க ஒரு மூச்சு நேரம் நின்னுட்டு திரும்ப சோவுக்கு ஏறிடணும். அப்புறம் ஆளை மாத்துங்க, நின்னவங்க எறங்கட்டும். சேந்து இருந்து பிரிஞ்சு திரும்ப சேர்றதால அது தப்பா கேக்காது, வேணும்னே பண்றதுன்னு காது ஒத்துக்கும். ஒவ்வொரு பிராக்டிஸ்லயும் வார்ம் அப்லயே இதைப் பண்ணுங்க, பாட்டுல இருந்து எடுத்ததுன்னு சொல்லக்கூட வேணாம். பாட்டுல அந்த எடம் வரும்போது அட இதுதானான்னு போயிடுவாங்க.

இன்னொண்ணு, கீபோர்டுல நாலு பார்ட்டையும் சேத்து வாசிச்சுட்டே இருக்காதீங்க. வாசிச்சா உங்க கைதான் பாடும், அவங்க பாட மாட்டாங்க. பேஸ் மட்டும் வாசிங்க, இல்ல பேசாம கையை எடுத்துட்டு கேளுங்க. கேக்க பயமாத்தான் இருக்கும்.

குன்னூர்_அக்கா:

தம்பி, கொடை அண்ணன் சொன்னது எல்லாம் சரி, நான் நோட்டேஷன் விஷயத்துக்கு வர்றேன்.

உங்ககிட்ட சோல்ஃபா தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்கன்னு சொன்னீங்க பாருங்க, அது பெரிய சொத்து, விட்டுடாதீங்க. இங்கிலாந்துல சாரா குளோவர் ஆரம்பிச்சு ஜான் கர்வென் ஊரெல்லாம் பரப்பினது அது, 19ஆம் நூற்றாண்டுல, அதுவும் ஸ்டாஃப் படிக்கத் தெரியாத சாதாரண ஜனங்க நாலு பார்ட் பாடணும்னே. மிஷனரிங்க மூலமா நம்ம சபைகளுக்கு வந்து ஒட்டிக்கிச்சு, அங்கயே குறைஞ்சு போச்சு, இங்க இன்னும் பாட்டிமாரு விரலை ஆட்டி லா சோ ஃபான்னு படிக்கறாங்க. ஆனா முழு பாட்டையும் சோல்ஃபால மாத்தி எழுதறேன்னு உக்காந்துடாதீங்க, 7/8யையும் கோலன் புள்ளி வெச்சு எழுதினா யாருக்கும் புரியாது. நான் பண்றது, ஒவ்வொரு பார்ட்டும் உள்ள வர்ற முதல் நோட்டு, பெரிய தாவல் இருக்கற எடம், ஸ்கேல் மாறற எடம், இது மூணுக்கு மட்டும் காப்பில பென்சில்ல சோல்ஃபா எழுதிக் கொடுப்பேன். ஸ்கேல் மாறற எடத்துல பழைய பேரு புதுப் பேரு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடணும், பழைய சோ இப்ப புது டோ அப்படின்னு. இது சோல்ஃபாலயே இருக்கற முறைதான், பெரியவங்களைக் கேளுங்க, உடனே சொல்லுவாங்க. ஒரு ஆன்ட்டியை கூப்பிட்டு ஆல்டோ காப்பிக்கு நீங்களே எழுதிக் கொடுங்கன்னு வேலையை ஒப்படைச்சுடுங்க. இதெல்லாம் பாட்டான்னு கேட்ட அங்கிளுக்கும் அதே வைத்தியம்.

கேக்க ரெக்கார்டிங் இல்லன்னா நாமதான் உண்டாக்கணும். அந்தப் பையன் கம்ப்யூட்டர்லதான் எழுதியிருப்பான், ஃபைல் வாங்குங்க. மியூஸ்ஸ்கோர்னு நோட்டேஷன் எழுதற சாஃப்ட்வேர் ஃப்ரீதான், அதுல ஓப்பன் ஆகற மாதிரி அனுப்பச் சொல்லுங்க. மிக்சர்ல ஒரு பார்ட்டை மட்டும் சத்தமா வெச்சு மத்த மூணையும் கம்மி பண்ணி, ஸ்பீடையும் கொறைச்சு நாலு ஆடியோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போடுங்க. மத்த பார்ட்டை சுத்தமா ம்யூட் பண்ணிடாதீங்க, தனியா கேட்டுப் பழகினவங்க சேந்து பாடும்போது பயந்து ஓடிடுவாங்க. அதோட கம்ப்யூட்டர் சத்தத்துல வார்த்தை வராது இல்லையா, அதனால ஒவ்வொரு பார்ட்லயும் நல்லா பாடறவங்க ஒருத்தரை வெச்சு போன்லயே இன்னொண்ணு எடுத்துடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை செக் பண்ணிடணும், ஏன்னா அதுல ஒரு நோட்டு தப்பா இருந்தா அதுதான் கல்வெட்டு, டிசம்பர் வரைக்கும் மாத்த முடியாது.

வார்த்தையை கடைசியா சேருங்க. மொதல்ல நூ நூன்னு பாடட்டும். அப்புறம் வார்த்தை சேக்கறப்ப குறில் மேல நீள நோட்டு இருக்கான்னு பாருங்க, வெஸ்டர்ன் பழகின பசங்க இதைக் கவனிக்க மாட்டாங்க. 'மலை'ல ம மேல நாலு பீட் நின்னா கேக்கறவங்களுக்கு 'மாலை'தான். அந்த மாதிரி எடம் இருந்தா பையனுக்கு போன் போட்டு ம-வை ஒரு பீட்டுல முடிச்சு லை-ல நிக்கலாமான்னு கேளுங்க.

பழைய_சோப்ரனோ:

எல்லாரும் எப்படி பாடறதுன்னே சொல்றீங்க, எதுக்கு இந்தப் பாட்டுன்னு யாரும் கேக்கல. ரெண்டு டெனர் மழை வந்தா வர முடியாது, ஏழு மணிக்கு கதவு சாத்தணும், டிசம்பர்ல டீச்சருங்களுக்கு அரையாண்டு பரீட்சை பேப்பர், நர்ஸுங்களுக்கு ஷிஃப்ட். பாட்டைக் கொறைங்க. பழைய பெரிய ஆளுங்க எழுதினதைத்தான் தொடக் கூடாது, இவன் உயிரோட இருக்கான், போன் எடுக்கறான். டெனர் எங்கயாவது ரெண்டா பிரியுதா, அதை ஒண்ணாக்கச் சொல்லுங்க. டெனர் லைன் ரொம்ப ஏறலன்னா ஆல்டோல கனமான குரல் இருக்கற ரெண்டு பொம்பளைங்களை அங்க நிறுத்துங்க, எங்க சபைல பல வருஷமா அப்படித்தான் ஓடுது, யாரும் குறை சொன்னதில்ல. பையனோட மனசு நோகக் கூடாதுன்னு இருபது பேரை நோகடிக்கக் கூடாதில்லையா.

கோத்தகிரி_டெனர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கொடை அண்ணா, நீங்க சொன்ன சோ ஃபா பயிற்சியை வர்ற பிராக்டிஸ்ல போட்டுப் பாக்கறேன், எங்க பாட்டுலயும் கிட்டத்தட்ட அதே நோட்டுதான். குன்னூர் அக்கா, ம மேல நீள நோட்டு நீங்க சொன்னதும் பாத்தேன், ரெண்டு எடத்துல இருக்கு, பையனுக்கு மெசேஜ் போட்டாச்சு, உடனே மாத்திக் கொடுத்துட்டான், கோவமே படல. டெனர் பிரியற எடத்தையும் சேத்துட்டான்.

ஆனா அந்த 7/8தான் இன்னும் வழிக்கு வரல. ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஏழு வரைக்கும் எண்ணச் சொன்னேன், காலால தட்டச் சொன்னேன், ஒவ்வொருத்தரும் எட்டாவதா ஒண்ணு போட்டு 4/4 ஆக்கிடறாங்க. பேஸ்காரங்க மட்டும் எப்படியோ ஆறுல முடிச்சுடறாங்க :)

ஊட்டி_மிருதங்கம்:

நான் கொயர் ஆளு இல்ல, மிருதங்கம் வாசிக்கறவன், ஃப்ரெண்ட் ஒருத்தர் லிங்க் அனுப்பினார். ஏழு எண்ணினா யாருக்கும் வராது சார், எங்களுக்கும் வராது. ஏழுங்கறது எண்ணற சமாச்சாரமே இல்ல, மூணும் நாலும்.

மொதல்ல பேப்பர்ல அந்த சின்ன நோட்டுங்களை எப்படி கோடு போட்டு சேத்திருக்குன்னு பாருங்க. மூணு முதல்ல வந்து அப்புறம் ரெண்டு ரெண்டா இருந்தா அது மிஸ்ர சாபு, தகிட தக திமி. ரெண்டு ரெண்டு வந்து கடைசில மூணுன்னா தக திமி தகிட, இதை விலோம சாபும்பாங்க. இது ரெண்டுல எதுன்னு தெரியாம ஆரம்பிச்சா எல்லாம் குழம்பும். வார்த்தையோட அழுத்தம் எங்க விழுதுன்னும் பாருங்க, பாட்டு எழுதினவர் தமிழை நினைச்சு எழுதியிருந்தா அதுவும் அதே எடத்துலதான் விழும்.

அப்புறம் பாட்டு வேணாம், பேப்பர் வேணாம், எல்லாரும் வாயால சொல்லட்டும், உங்களுது ரெண்டாவது வகைன்னு வெச்சுக்குவோம், தக திமி தகிட, தக திமி தகிட. ஏழுக்கு ஏழு தட்டு தட்டக் கூடாது, மூணே தட்டு, ரெண்டு குட்டை ஒரு நீளம். அந்த நீளத் தட்டுலதான் உங்க ஆளுங்க எட்டாவதை சொருகறாங்க, அங்க மூச்சு வாங்கறாங்கன்னு நினைக்கறேன், மூச்சு எங்க வாங்கணும்னு நீங்களே குறிச்சுக் கொடுத்துடுங்க. மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏத்துங்க, கொஞ்ச நேரத்துல உடம்பே ஆடும். அப்புறம் வார்த்தையை அதே தாளத்துல பேசட்டும், பாட வேணாம். ட்யூன் கடைசிலதான்.

சர்ச் கொயர்ல இந்த தக திமி மாதிரி சொல்கட்டு சொல்றதான்னு பெரியவங்க யாராவது கேட்டா, தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை எல்லாம் ராகம் தாளத்தோட எழுதினதுதானேன்னு சொல்லுங்க. 1917ல கருணாமிர்த சாகரம்னு அவ்ளோ பெரிய இசை ஆராய்ச்சி நூல் போட்ட ஆபிரகாம் பண்டிதரும் தேவாலயத்து ஆளுதான்.

கொடை_பேஸ்:

மிருதங்கம் சார் சொன்னது பிரமாதம், நானே எடுத்துக்கறேன். அதோட 4/4 வர்ற மெதுவான பகுதிக்கு ஒரு விஷயம். அமெரிக்கால ராபர்ட் ஷா-ன்னு ஒரு பெரிய கொயர் கண்டக்டர், 1999ல காலமானார், அவர் வார்த்தைக்கு பதிலா எண்ணைப் பாட வைப்பாரு, நோட்டு அதேதான் ஆனா ஒன் அண்ட் டூ அண்ட்னு பாடணும். யார் நீள நோட்டை பாதில விடறாங்க, யார் அவசரப்படறாங்கன்னு பளிச்சுனு தெரிஞ்சுடும். தமிழ்ல இது இன்னும் ஈஸி, ஒண்-ணு ரெண்-டு மூ-ணு நா-லுன்னு எல்லாமே ரெண்டு அசை, அண்ட் கூட தேவையில்ல, தானா அரை பீட்டுல விழுது. வேகமான 7/8ல மட்டும் இதைப் பண்ணாதீங்க, நாக்கு சுளுக்கிக்கும், அங்க தக திமிதான்.

சுருதி எறங்குதான்னு நீங்க கேக்கல, ஆனா கீபோர்டை நிறுத்தின உடனே எறங்கும், அதனால இப்பவே சொல்லிடறேன். நம்ம ஊர் குளிருல ஸ்வெட்டரும் மஃப்ளருமா உக்காந்து தாடையை இறுக்கிக்கிட்டு பாடினா எறங்காம என்ன பண்ணும். நின்னு பாடணும், மொதல்ல தோளை ஆட்டி உடம்பைச் சூடு பண்ணிக்கணும். டீயை பிராக்டிஸ் முடிஞ்சு கொடுக்கறதுக்கு பதிலா ஆரம்பத்துலயே கொடுங்க, நேரத்துக்கும் வருவாங்க. பாட்டுல எங்க எறங்குதுன்னா பெரும்பாலும் ஒரே நோட்டு திரும்பத் திரும்ப வர்ற எடம், படிப்படியா கீழ வர்ற எடம், அப்புறம் ஸ்கேல்ல மூணாவதா வர்ற மி. ஒரே நோட்டுன்னா ஒவ்வொண்ணையும் முந்தினதை விட ஒரு இழை மேலன்னு நினைச்சுப் பாடச் சொல்லுங்க. இத்தனைக்கும் எறங்கினா ஸ்கேலையே அரை ஸ்டெப் ஏத்திப் பாருங்க, ஏன்னு கேக்காதீங்க, சில பாட்டு ஒரு ஸ்கேல்ல எறங்கும், பக்கத்து ஸ்கேல்ல அசையாம நிக்கும்.

ஆல்டோவும் சோப்ரனோவும் கலந்து நிக்கட்டும், பார்ட் பார்ட்டா நிக்க வேணாம். பக்கத்துல வேற பார்ட் பாடறவங்க இருந்தாத்தான் காது தெறக்கும்.

குன்னூர்_அக்கா:

அய்யய்யோ, அண்ணா, கலந்து நிக்கறதெல்லாம் பாட்டு மனப்பாடம் ஆனவங்களுக்கு. இப்பவே பயந்து போய் இருக்கற ஆல்டோவை சோப்ரனோ நடுவுல நிறுத்தினா அவ்ளோதான், மொத்தமும் சோப்ரனோ ஆயிடும். இவங்களை பார்ட் பார்ட்டாவே நிறுத்துங்க, ஆனா வளைவா, ஒருத்தரை ஒருத்தர் பாக்கற மாதிரி. அந்த உரசல் வர்ற எடத்துல கெட்டியா நிக்கற ஆல்டோ ரெண்டு பேரை பின்வரிசைல போடுங்க, முன்னாடி இருக்கறவங்க காதுல அவங்க குரல் விழணும். டிசம்பர் ரெண்டாவது வாரம் எல்லாம் சரியா வந்தா அப்ப ஒரு நாள் விளையாட்டா கலந்து பாடட்டும்.

அப்புறம் பிராக்டிஸை சபை ஹால்லயே முடிச்சுடாதீங்க, சர்ச்சுக்குள்ள ரெண்டு தடவையாவது பாடிப் பாத்துடணும். ஓடு போட்ட தாழ்வான ஹால்ல கேக்கறது வேற, உயரமான மரக்கூரை போட்ட பழைய சர்ச்சுல கேக்கறது வேற. உள்ள எதிரொலி இருந்தா அந்த 7/8 வேகத்தை ஒரு சுத்து கொறைக்க வேண்டி வரும், வார்த்தை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்.

கோத்தகிரி_டெனர்:

தக திமி தகிட வேலை செஞ்சிடுச்சு!! வாட்ஸப்ல ஆடியோ போட்டு வீட்லயே சொல்லிப் பழகச் சொன்னேன், ஒரு அக்கா டீ ஃபேக்டரில மெஷின் சத்தத்துல சொல்லிட்டே இருந்தாங்களாம், பக்கத்துல இருந்தவங்க எல்லாம் என்ன ஆச்சுன்னு பாத்தாங்களாம். கடைசி எட்டு பார்ல இருந்து பின்னாடி வர்றதும் நல்லா போகுது, இப்ப முடிவு முழுசா தெரியும், நடு பக்கம்தான் பாக்கி. ஆல்டோ இன்னும் பாதி நேரம் எறங்கறாங்க, ஆனா இப்ப எறங்கினது அவங்களுக்கே தெரியுது, சிரிச்சுக்கிட்டு திரும்ப ஏறிடறாங்க. அந்த அங்கிள் பேஸ் காப்பி எல்லாத்துலயும் சோல்ஃபா எழுதிட்டாரு, நான் கேட்டதை விட ஜாஸ்தியாவே எழுதியிருக்காரு, பாட்டு பிடிச்சிருக்கான்னு கேட்டா மட்டும் பதில் வர மாட்டேங்குது.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. பாட்டு மியூசிக் இல்லாம சும்மாதான் ஆரம்பிக்குது. சர்வீஸ் அன்னைக்கு கரண்ட் போயிட்டா முதல் நோட்டை எப்படி கொடுக்கறது?

பழைய_சோப்ரனோ:

பிட்ச் பைப் (ஊதினா சரியான நோட்டு தர்ற சின்ன குழல்) வாங்கி பாக்கெட்ல வெச்சுக்கோங்க, விலை கம்மிதான். போன் ஆப்பை நம்பாதீங்க, சரியா அந்த நேரம் யாராவது கூப்பிடுவாங்க. டோவை மட்டும் ஊதிட்டு விடாதீங்க, நாலு பார்ட்டுக்கும் அவங்கவங்க நோட்டை மெதுவா ஹம் பண்ணிக் காட்டிட்டு, எல்லாரும் மனசுக்குள்ள பிடிச்சாச்சான்னு முகத்தைப் பாத்துட்டு கையைத் தூக்குங்க. பிராக்டிஸ்லயே இப்படித்தான் ஆரம்பிக்கணும், அன்னைக்கு மட்டும் புதுசா பண்ணக் கூடாது.

கோத்தகிரி_டெனர்:

சரிங்க அக்கா, நாளைக்கே ஊட்டி போற ஆளுகிட்ட பிட்ச் பைப்புக்கு சொல்லி விடறேன்.

ஊட்டி_மிருதங்கம்:

மேல எங்கயும் கிடைக்கலன்னா கோயம்புத்தூர்ல பாருங்க சார்.